கம்பளையிலிருந்து நுவரெலியா வரை: ஏ5 வீதி, அதன் ஊர்கள், அதன் கான்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஏ5 நெடுஞ்சாலை பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை என்று போய் மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடிகிறது. கண்டிப் பக்கமாக மலையேறி, ஊவாப் பக்கமாக இறங்கி, கிழக்கின் வயல்வெளியைத் தொடும் பாதை. இங்கே எடுத்துக்கொள்வது அதில் ஒரு துண்டை மட்டும்: கம்பளையிலிருந்து நுவரெலியா வரை. தூரம் 60 கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் 500 மீற்றரை ஒட்டிய உயரத்தில் மகாவலிக் கரையிலிருந்து கிளம்பும் பஸ், 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் போய் நிற்கிறது. சுற்றுலா வருகிறவர் இந்தத் துண்டில் நீர்வீழ்ச்சியையும் தேயிலை மலையையும் பார்க்கிறார். வீதியைப் பராமரிக்கிறவர் பார்க்க வேண்டியது பக்கக் கானையும் (மழைநீர் ஓடும் வாய்க்கால்) மதகையும் (வீதிக்கு அடியில் நீரைக் கடத்தும் வழி). இந்த வீதிக்கு வரும் கேடு பெரும்பாலும் வீதிக்கு மேலே, சரிவில் உருவாகிறது. திருத்தவேலையோ பெரும்பாலும் தார் போட்ட பகுதியோடு நின்றுவிடுகிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதற்கு வீதி வெட்டப்பட்ட காலத்துக்குப் போக வேண்டும்.

மாட்டுவண்டிக்கு ஏற்ற சாய்வு

வீதி வருவதற்கு முன் இங்கே இருந்தவை பொதிமாட்டுத் தடங்கள். புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் இடையிலுள்ள தவலந்தென்ன என்ற பெயரே அதற்குச் சாட்சி. சிங்களத்தில் தவலம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம், தென்ன என்றால் மலையிடைச் சமநிலம். தமிழில் தங்குமிடத்தைக் குறிக்கும் தாவளம் என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. உப்பும் கருவாடும் மேலே ஏறிய, பாக்கும் மலைநாட்டுத் தானியமும் கீழே இறங்கிய தடத்தில், மாடுகளின் பொதியை இறக்கிவைத்த இடம் அது. இன்றைக்கும் அது ஒரு சந்திதான். பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்குப் போகும் பாதை அங்கே பிரிகிறது.

1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ், கொழும்பு–கண்டி வீதியைக் கடுகண்ணாவைக் கணவாய் வழியாக வெட்டியதோடு நிற்கவில்லை. நோயுற்ற படையினர் உடல் தேற நுவரெலியாவில் ஓர் ஆரோக்கிய நிலையம் அமைத்தார். அதற்குப் பாதை தேவைப்பட்டது. பொதிமாடு செங்குத்தான தடத்திலும் கால்வைத்து ஏறும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி அப்படி ஏறாது. ஆகவே பாதையின் சாய்வை வண்டி தீர்மானித்தது.

கணக்குப் போட்டால் முடக்குகளுக்கு, அதாவது கூர்மையான வளைவுகளுக்கு, காரணம் தெரியும். றம்பொடை நீர்வீழ்ச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 945 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868. இடைவெளி 923 மீற்றர். 20க்கு 1 என்ற சாய்வில், அதாவது 100 மீற்றர் போனால் 5 மீற்றர் உயர்கிற மாதிரி ஏறினால், இந்த உயரத்தை எடுக்க மட்டும் 18 கிலோமீற்றருக்கு மேல் பாதை வேண்டும். காகம் பறக்கும் தூரம் அவ்வளவு இல்லை. மிச்சத் தூரத்தை மலையின் இடுப்பில் சுற்றிச் சுற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லபுக்கலைத் தேயிலை மலைக்குள் ஒரே பாதை மேலும் கீழுமாகப் பல அடுக்காகத் தெரிவது இதனால்தான்.

அந்தக் காலத்து வெட்டு முறை இன்றைய பழுதுகளுக்கு நேரடிக் காரணம். சரிவை உள்பக்கமாக வெட்டினார்கள், வெட்டிய மண்ணை வெளிப்பக்கமாகக் கொட்டிப் பாதையின் மற்றப் பாதியை நிரப்பினார்கள். ஆக, பாதையின் உள்பாதி அசையாத வெட்டு நிலத்திலும், வெளிப்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. மாட்டுவண்டியின் பாரத்துக்கு அது போதுமாக இருந்தது. லொறியும் பஸ்ஸும் வந்த பிறகு வெளிப்பாதி மெல்ல மெல்ல இறங்குகிறது. பாதையின் நடுவில் நீளவாட்டில் ஓடும் வெடிப்பைப் பார்த்தால், பெரும்பாலும் அது இந்த இரண்டு பாதிகளும் சேரும் கோடாகத்தான் இருக்கும். அகலப்படுத்தும்போது உள்பக்கச் சரிவை இன்னும் வெட்டினால் அது செங்குத்தாகிறது. வெளிப்பக்கம் இறங்குவது நிற்பதும் இல்லை.

ரயில் வராத பள்ளத்தாக்கு

ஆரோக்கிய நிலையத்துக்கு வெட்டிய பாதையை வாழவைத்தது கோப்பி. கம்பளைப் பக்கத்தில் 1820களிலேயே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். புசல்லாவையில் வேர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் ரொத்சைல்ட் தோட்டத்தைத் தொடங்கி, கோப்பியோடு சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக்குவதற்குக் கால் நூற்றாண்டு முந்திய முயற்சி அது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் மலை தேயிலைக்கு மாறியது.

இந்த ஊர்களின் தலைவிதியை எழுதியது பயிரல்ல, ரயில் என்றே நாங்கள் கருதுகிறோம். 1867இல் கண்டிக்கு வந்த ரயில், கம்பளையைத் தொட்டு 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. அங்கிருந்து புசல்லாவைப் பக்கம் திரும்பாமல் அட்டன், தலவாக்கலை வழியாக ஏறி 1885இல் நானுஓயாவுக்குப் போனது. பிறகு ஹப்புத்தளை, பண்டாரவளை, கடைசியாக 1924இல் பதுளை. அட்டனும் தலவாக்கலையும் ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த டவுன்கள். புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. புசல்லாவையில் கடைகள் வீதியின் இருபக்கமும் நூல் பிடித்தாற்போல நீண்டு கிடப்பதைப் பார்த்தாலே அது தெரியும். அங்கே ஊரின் நடு என்பது பஸ் நிற்குமிடம். தேயிலைப் பெட்டி, அரிசி மூட்டை, நோயாளி, தபால் எல்லாம் இந்த ஒரே வீதியில் கம்பளைக்கு இறங்கி, கம்பளையிலிருந்து ஏறின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்களுக்கும் தலைமன்னார்க் கப்பலுக்கான பயணத்தின் முதல் துண்டு இந்த வீதியே.

கம்பளை வேறு வகை ஊர். 14ஆம் நூற்றாண்டில் அரசர்களின் தலைநகராக இருந்தது. மகாவலிப் பாலமும் ரயிலும் வீதியும் கூடுகிற சந்தை நகரம். ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் இருப்பதால், மேலே மலையில் பெய்கிற மழையின் கணக்கு வெள்ளமாகக் கம்பளையில்தான் தீர்கிறது. நுவரெலியாவைப் பற்றி எழுதியோர் நிறையப் பேர், இங்கே விரிக்கத் தேவையில்லை.

வெட்டியவர்களும் காத்தவர்களும்

மலைநாட்டு வீதிகள் தென்னிந்தியத் தொழிலாளரைச் சேர்த்த முன்னோடிப் படையின் உழைப்பாலும், கிராமத்தவரிடம் கட்டாயமாக வாங்கிய உழைப்பாலும் வெட்டப்பட்டவை. 1848இன் வீதிச் சட்டம் 18க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்து, வழியில் பசியிலும் கொள்ளை நோயிலும் ஆட்களைப் பறிகொடுத்த தமிழர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பின்னாளில் பொதுவேலைத் திணைக்களத்தின் வீதித் தொழிலாளர் ஆனார்கள். வீதியோரத்து பி.டபிள்யூ.டி. லயங்கள், அதாவது அந்தத் திணைக்களத்தின் தொழிலாளர் வரிசை வீடுகள், அந்தக் காலத்து எச்சம்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை இருந்தது. இன்ன மைல்கல்லிலிருந்து இன்ன மைல்கல் வரை என்று ஒரு குழுவுக்கு வீதி ஒப்படைக்கப்பட்டது. எந்த மதகு எப்போது அடைபடும், எந்தப் பாறையிடுக்கில் மழைக்குப் பிறகு ஊற்று வரும் என்று அந்தக் குழுவுக்குத் தெரியும். மழை விடுவதற்கு முன்பே மண்வெட்டியோடு கானுக்கு வந்துவிடுவார்கள். 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபை உருவான பிறகு வீதிகள் அகலமாயின, தளம் சீரானது, இயந்திரங்கள் வந்தன. ஆனால் இயந்திரம் மண் விழுந்த பிறகு வருகிறது. விழுமுன் வந்து பார்க்கும் கண்ணுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

தண்ணீர் போகும் வழி

இங்கே மழை முக்கியமாக மூன்று வேளையில் வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, மேற்குச் சரிவுகளுக்கு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, ஊவாப் பக்கத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும். மண்சரிவுக்கு அதிகம் அஞ்ச வேண்டியது கடைசியாகச் சொன்ன காலத்துக்கு. மண் ஏற்கெனவே நனைந்து கிடக்கும்போது ஒரே நாளில் பெருமழை சேர்கிறது.

இந்த மலையின் பாறை பழைமையானது, உறுதியானது. சிக்கல் பாறையில் இல்லை, அதன்மேல் தங்கியிருக்கும் மண்ணிலும் உருண்டுவந்த கற்குவியலிலும் இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறை முகத்தை எட்டியதும் மேலும் இறங்க வழியில்லாமல் அந்த முகத்தின்மேல் தேங்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் மண்ணைப் பாறையிலிருந்து தூக்கிவிடுகிறது. அதற்குமேல் சரிவைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை.

தோட்டத்தில் இதற்குப் பழைய வைத்தியம் கான் வெட்டுவது. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காக, மிக மெல்லிய இறக்கத்தோடு கான் ஓடும். இடையிடையே வண்டல் தங்கக் குழி இருக்கும். நீர் வேகம் எடுக்காமல் பக்கத்து ஓடைக்குப் போய்விடும். அந்தக் கான்கள் தூர்ந்தால் நீர் நேராகச் சரிவில் இறங்கி வீதியின் பக்கக் கானில் விழுகிறது. வீதிக்கான், வீதியில் விழும் மழையைக் கணக்கிட்டுக் கட்டியது. முழு மலையின் நீரும் வந்தால் அது நிரம்பி வீதியைக் கடந்து, கொட்டிய மண்ணாலான வெளிப்பக்கத்தை அரித்துக்கொண்டு இறங்கும். மறுநாள் செய்தியில் “வீதி தாழிறங்கியது” என்று வரும். தாழிறங்கக் காரணம் 200 மீற்றர் மேலே தூர்ந்துபோன தோட்டக் கானாக இருக்கலாம். லபுக்கலைக்கு மேலே நுவரெலியாவை நெருங்கும்போது இதோடு மரக்கறித் தோட்டங்களும் சேர்கின்றன. கரட்டும் லீக்ஸும் கோவாவும் போட அடிக்கடி கொத்திய நிலத்திலிருந்து வரும் வண்டல் மதகுகளைச் சீக்கிரம் நிரப்புகிறது.

மதகைப் பற்றி ஒரு நடைமுறை விஷயம். 600 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள குழாய் மதகுக்குள் ஆள் இறங்கித் துப்புரவாக்க முடியாது. கம்பு விட்டுக் குத்தத்தான் முடியும், அதுவும் வாய்ப்பக்கம் மட்டும். நடுவில் ஒரு தேயிலைக் கட்டை சிக்கினால் அடுத்த மழைக்கு மதகு இல்லை என்றே கணக்கு. மதகின் வெளிவாயில் நீர் விழும் இடத்தில் கருங்கல் பாவாமல் விட்டால், நீர் அங்கே குழி பறித்து, குழி பின்னோக்கி வளர்ந்து, வீதியின் அடியைத் தொடும். வீதியில் நின்று பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

றம்பொடை

109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சி, எதிரே பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம், மேலே வேவண்டன் மலையில் சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோவில். இத்தனையும் ஒரு குறுகலான திருப்பத்தில் சேர்கின்றன. கொத்மலை அணை 87 மீற்றர் உயரம், 1985இல் முடிந்தது. பள்ளத்தாக்கின் பழைய கிராமங்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் மிகக் குறையும் காலத்தில் கடதொர விகாரையின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன.

இங்கே மேலே செங்குத்துப் பாறை, கீழே பள்ளம். வெட்டவும் இடமில்லை, நிரப்பவும் இடமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மிஞ்சும் வழி பாறைக்குள் போவதுதான். 2008இல் திறந்த றம்பொடைச் சுரங்கப்பாதை 225 மீற்றர் நீளம், நாட்டின் மிக நீளமான வீதிச் சுரங்கம். இது சரியான தெரிவு. மண்ணும் கல்லும் விழும் பரப்பைச் சுரங்கம் முழுமையாகத் தவிர்க்கிறது, பக்கக் கான், தாங்கு சுவர் என்ற ஓயாத செலவு அந்த 225 மீற்றருக்கு இல்லை. ஆனால் ஒரு சுரங்கத்தின் பலவீனம் அதன் இரண்டு வாய்களிலும் இருக்கும். பாறையிலிருந்து மண்ணுக்கு மாறும் இடம் அது. வாய்க்கு மேலிருக்கும் சரிவின் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் கான் சுத்தமாக இல்லாவிட்டால் சுரங்கம் நன்றாக இருந்தும் வீதி மூடப்படும்.

சரிந்த இடத்தில் என்ன வரிசை

மண் விழுந்த இடத்தில் வழக்கமாக நடப்பது: பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) வருகிறது, மண்ணை வாரி வெளிப்பக்கம் தள்ளுகிறது, வீதி திறக்கிறது. இதில் இரண்டு தவறு. சரிவின் அடியில் கிடக்கும் மண் மேலிருப்பதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதை அவசரமாக வாரினால் அடுத்த சரிவு வாரிக்கொண்டிருப்பவர்மேல் வரும். வெளியே தள்ளிய மண் கீழுள்ள லயத்துக்கோ ஓடைக்கோ புதிய ஆபத்து.

முதலில் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், அடிமரம் வளைந்த மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் அல்லது திடீரென வற்றிய ஊற்று, கதவு இறுகும் வீடு, இவை இருந்தால் சரிவு இன்னும் முடியவில்லை. வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, தற்காலிகமாகப் பொலித்தீன் விரித்து, அதற்கு மேலே ஒரு கான் வெட்டி நீரைத் திருப்ப வேண்டும். இது ஒரே நாளில் பத்துப் பேரால் செய்யக்கூடியது. பிறகே அடிமண்ணில் கை வைக்கலாம்.

நிலையான வேலையில் முதலிடம் உள்நீரை வடிப்பதற்கு. சரிவின் அடியிலிருந்து உள்நோக்கி, சிறிது மேல்சாய்வாகத் துளையிட்டு, துளைகள் கொண்ட பீ.வீ.சீ. குழாயைச் செருகினால் பாறை முகத்தில் தேங்கிய நீர் வடிந்து வரும். அடுத்துத் தாங்கு சுவர். கம்பி வலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கும் கம்பிக்கூடைச் சுவர் மலைநாட்டுக்கு நன்கு பொருந்தும், ஏனென்றால் நிலம் கொஞ்சம் அசைந்தாலும் வளைந்து கொடுக்கும், நீரை விடும். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரக் கூடை பரவலான அளவு. நிரப்பும் கல் கம்பிக் கண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், கையால் அடுக்க வேண்டும். லொறியிலிருந்து கொட்டி நிரப்பினால் கூடை பானை வயிறாகிவிடும். பின்பக்கம், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி விரிக்காவிட்டால் மெல்லிய மண் கல்லிடுக்கில் நுழைந்து, கூடைச் சுவர் மண் சுவராகிவிடும். சீமெந்தில் கட்டிய கருங்கல் சுவராக இருந்தால் கசிவுத் துவாரங்கள் இல்லாமல் அது ஓர் அணைக்கட்டு மாதிரி. பின்னால் நீர் ஏறி, சுவர் முழுசாகக் கவிழும். மலையக வீதிகளில் கவிழ்ந்து கிடக்கும் சுவர்களில் உடைந்தவை குறைவு, தள்ளப்பட்டவை அதிகம். மண்ணுக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளை ஆணியாக அடித்துக் கொங்கிறீற் பூசிய சரிவுகளுக்கும் இதே விதி: பூசிய முகத்தில் வடிகுழாய் இல்லையேல் உள்ளே நீர் சிறைப்படும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை 24 மணி நேர மழையை வைத்து மூன்று படியாக வருகிறது: 75 மில்லிமீற்றரில் கவனம், 100இல் தயார்நிலை, 150இல் வெளியேற்றம். வீதியோர லயங்களில் ஒரு மழைமானி இருந்தால், வானொலிக்குக் காத்திருக்காமல் அந்தந்த மலைக்கே கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஒரே அளவு மழை பெறுவதில்லை என்பதால் இது மிகவும் பெறுமதியான காரியம்.

இறக்கம்

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலைப் பகுதியின் கரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், மேலும் 15 உயிர்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தனித்தனி. ஆனால் நீண்ட இறக்கத்துக்குரிய பொறியியல் பொது.

நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கும் பாரமான வண்டி 900 மீற்றருக்கு மேல் உயரத்தை இழக்கிறது. அந்தச் சக்தி முழுவதும் எங்காவது போய்த் தீர வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது பிரேக் டிரம்மில் வெப்பமாகச் சேரும். சூடேறிய டிரம் விரியும், லைனிங்கின் பிடி குறையும், மிதி இறங்கும், வண்டி நிற்காது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வது இதனால்தான். என்ஜின் பிடித்துக்கொண்டால் பிரேக்குக்கு ஓய்வு. கியரை இறக்கம் தொடங்குமுன் குறைக்க வேண்டும். வேகம் எடுத்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டும், அதுதான் மிக மோசமான நிலை. மூடுபனி நேரத்தில் இறக்கத்தின் சாய்வு கண்ணுக்குத் தெரியாது என்பதால் லபுக்கலை முடக்குகளுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

வீதியின் பங்கும் உண்டு. வெளிப்பக்கத் தடுப்பு, கொட்டிய மண்ணில் நட்ட கம்பமாக இருந்தால் பஸ்ஸின் பாரத்தைத் தாங்காது. கம்பத்தின் அடி வெட்டு நிலத்தைத் தொட வேண்டும், அல்லது தாங்கு சுவரின் தலையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதிகாலையில் களைத்த சாரதி கடக்கும் முடக்குகளில் ஒளி பட்டால் மின்னும் அடையாளங்கள் மூடுபனியிலும் தெரியும் இடைவெளியில் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் பெருமளவில் இறங்கின, மலையக வீதிகள் துண்டு துண்டாயின, கம்பளையை மகாவலி மூழ்கடித்தது. அப்படியொரு மழையை எந்தக் கானும் முழுதாகத் தாங்காது. ஆனாலும் திருத்தி அமைக்கும்போது அளவெடுப்பை வீதியின் ஓரத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மதகுக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, வெளிவாயிலிருந்து எந்த லயத்தைத் தாண்டி எந்த ஓடைக்குப் போகிறது என்று மேலும் கீழும் நடந்து வரைந்த படம் ஒன்று வேண்டும். அந்தப் படத்தில் தோட்டத்துக் கான்களும் இருக்க வேண்டும், அவற்றைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட வேண்டும். தூர்வாரி முடிக்க வேண்டிய நாள், ஒக்டோபர் மழைக்கு முந்திய செப்டெம்பர் கடைசி வாரம்.